சுமக்கிற உயிர்கள்: கேள்வி – பதில்

கே: காவிரிக் கெண்டைக்கு வலிக்குமா? தூண்டிலில் மாட்டினால் சத்தமே போடுவதில்லையே!
(ஜீயபுரம் வாசகர்)

ப: கத்துவதற்குக் குரல்வளை இல்லை, வலிப்பதற்கு நரம்பு இருக்கிறது. 2003-இல் பிரிட்டனில் லின் ஸ்னெட்டன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். மீன்கள் வெகுநேரம் இரை எடுக்கவில்லை. அமிலம் ஏற்றியவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. வலி மருந்து கொடுத்ததும் தேய்ப்பது குறைந்தது. மீன் பிடியுங்கள், தின்னுங்கள். ஆனால் கரையில் போட்டுத் துடிக்க விடாதீர்கள். தலையில் ஒரே அடியில் முடித்துவிடுங்கள்.

கே: ஆண்டாள் யானை தீர்த்தக் குடத்தோடு ஆற்றிலிருந்து வருவதைப் பார்த்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். அதையும் தப்பு என்பீர்களா, ஐயா?
(ஸ்ரீரங்கம் வாசகி)

ப: மாட்டேன், அம்மா. ஐப்பசியில் அம்மா மண்டபத்துக் காவிரி, மற்ற மாதங்களில் கொள்ளிடம். யானைக்கும் அது ஆறும் மணலும் கிடைக்கிற நேரம். என் கவலையெல்லாம் மீதி நேரத்தைப் பற்றியது.

யானையின் பாதத்துக்குள் கொழுப்பும் நாருமாக ஒரு தடித்த மெத்தை இருக்கிறது. மண்ணில் நாள்தோறும் நெடுந்தூரம் நடந்து தேய்வதற்கென்றே வளர்கிற பாதம் அது. அதைக் கருங்கல்லிலும் சிமெண்டிலும், அதன் சிறுநீர் ஈரத்திலேயே நிற்கவைத்தால் நகம் வெடிக்கும், உள்ளங்கால் புண்ணாகும், சீழ் எலும்புவரை இறங்கும். வளர்ப்பு யானைகளை உலகெங்கும் வாட்டுகிற பெரிய நோய் கால் நோய்தான்.

அடுத்தது துணை. காட்டில் பெண் யானை அம்மா, பாட்டி, சித்தி, தங்கை என்று சொந்தபந்தத்தோடுதான் காலமெல்லாம் வாழ்கிறது. குட்டி 22 மாதம் வயிற்றில் இருந்து பிறக்கிறது; பிறந்தபின் அதை வளர்ப்பது கூட்டம் முழுவதும். அந்த உயிரை ஒற்றையாக நிறுத்தி வைப்பது எவ்வளவு பெரிய தண்டனை! ஸ்ரீரங்கத்தில் ஆண்டாளுக்கு லட்சுமி என்ற யானை துணையாக வந்ததையும், திருவானைக்காவில் அகிலாவுக்குக் குளிக்கத் தொட்டி கட்டிச் சேற்றுக் குளியலுக்கும் இடம் விட்டதையும் மனதாரப் பாராட்டுகிறேன். அடுத்த முறை போகும்போது மெதுவாக விசாரியுங்கள்: ராத்திரி எந்தத் தரையில் படுக்கிறது? சங்கிலியில் எத்தனை மணி நேரம்? பாகனுக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள் உண்டா? பக்தர்கள் கேட்டால் நிர்வாகம் பதில் வைத்திருக்கும்.

கே: சமயபுரத்தில் பாகனைக் கொன்ற மசினிக்கு மதம் பிடித்துவிட்டது என்றுதானே பேசிக்கொண்டார்கள்?
(மண்ணச்சநல்லூர் வாசகர்)

ப: மதம் வளர்ந்த ஆண் யானைக்கு வருவது. மசினி பெண், அப்போது இளம் வயது. முதுமலைக் காட்டில் தாயைப் பிரிந்த குட்டியாகக் கிடைத்து, தெப்பக்காடு முகாமில் வளர்ந்து, பிறகு சமயபுரத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே கூட்டம், மணியோசை, சூடான தரை. 2018 மே 25 அன்று கோயிலுக்குள்ளேயே பாகன் செத்துப்போனார். மசினியை மறுபடி முதுமலைக்கு அனுப்பச் சொன்னது உயர் நீதிமன்றம். 2023-இல் அங்கேயும் ஒரு பாகன் அதனிடம் உயிரைவிட்டார். காட்டுக்குத் திருப்பி அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதையும் பார்க்கவேண்டும். குட்டியிலேயே இரண்டு முறை வேரோடு பிடுங்கப்பட்ட உயிர் அது. யானைக்காக அழுகிறவர்கள் பாகன் வீட்டு வாசலுக்கும் போகவேண்டும். குறைந்த சம்பளத்துக்கு நாலு டன் கனமுள்ள அச்சத்தின் பக்கத்தில் படுத்துறங்குகிறவர் அவர்.

கே: யானையிடம் காசு கொடுத்துத் தலையில் ஆசி வாங்கலாமா?
(உறையூர், ஏழாம் வகுப்பு மாணவர்)

ப: வேண்டாம் தம்பி. காசநோய் மனிதரிடமிருந்து யானைக்கும் யானையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான தலைகளைத் தொடுகிற தும்பிக்கை அதன் மூக்கு. தள்ளி நின்று கும்பிடு, போதும்.

கே: கேரளத்தில் 2023-இல் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் இயந்திர யானையைக் காணிக்கையாக வைத்தார்கள். பொம்மை யானையைச் சாமி ஏற்குமா?
(தில்லைநகர் வாசகர்)

ப: ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் யானை வாகனத்தில் புறப்படும்போது நீங்கள் கும்பிட்டதில்லையா? குதிரை, கருடன், அனுமன் எல்லாமே செய்துவைத்தவைதானே. இத்தனை நூற்றாண்டாக ஏற்றுக்கொண்டவர் இதையும் ஏற்பார்.

கே: புத்தூர் குழுமாயி அம்மன் கோயிலில் மருளாளி ஆட்டுக்குட்டிகளின் ரத்தம் குடிக்கிறாரே, இந்தக் காட்டுமிராண்டித்தனத்தை ஏன் தடுக்கவில்லை?
(கண்டோன்மென்ட் வாசகர்)

ப: தடுத்துப் பார்த்தார்கள். கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க 1950-இலேயே இங்கே சட்டம் வந்தது. பல வருடம் தூங்கிய அந்தச் சட்டத்தை 2003-இல் அரசு கையில் எடுத்தது. ஊரூராக எதிர்ப்பு கிளம்பியது. 2004-இல் சட்டமே ரத்தானது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் மத வழக்கப்படி கொல்வதைக் குற்றமாக்கவில்லை.

குட்டிக்குடித்தல் என்கிற இந்தச் சடங்கு எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது. தாயைத் தேடிக் கத்துகிற குட்டியின் குரல் எந்த மேளத்திலும் மறைவதில்லை. ஆனால் உங்கள் வார்த்தை எனக்கு உறுத்துகிறது. பிராய்லர் கோழி நாற்பது நாள் சொச்சம்தான் உயிரோடு இருக்கிறது. வேகமாகச் சதை போடுவதற்கென்றே இனம் தேர்ந்து வளர்த்ததால், பல கோழிகளுக்குத் தன் எடையைத் தாங்கக் காலில் வலு இருப்பதில்லை. வெயில் முகம் பார்க்காமல் செத்து, கவரில் நம் வீட்டுக்கு வருகிறது. அதை ஞாயிறுதோறும் தின்றுவிட்டு, வருடத்தில் ஒருநாள் பலியிடுகிற எளிய சனத்தைக் காட்டுமிராண்டி என்பது எப்படி நியாயம்? குட்டிக்காகப் பேசுவோம், நானும் வருகிறேன். அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவோம். கோழிக்கும் சேர்த்துப் பேசுவோம்.

கே: திருச்சி விமான நிலையத்தில் பெட்டி நிறைய மலைப்பாம்பு பிடித்தார்களாமே?
(ஏர்போர்ட் பகுதி வாசகி)

ப: 2023 ஜூலையில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் 47 பாம்பும் 2 பல்லியும். பால் பைத்தான் என்று பெயர்; ஆப்பிரிக்கச் சாதி; பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்ளும். வாங்க ஆள் இருப்பதால்தான் பெட்டி வருகிறது. வீட்டில் வைத்து அழகு பார்க்கிறவர்தான் முதல் குற்றவாளி.

கே: தெருநாய்களைக் கொன்றால்தான் குழந்தைகள் தப்பும். உண்மையா?
(பாலக்கரை வாசகர்)

ப: உங்கள் பயம் நியாயம். மருந்து வேறு. ஒரு தெருவில் நாய்களை ஒழித்தால் குப்பை அப்படியே கிடக்கும், பக்கத்துத் தெரு நாய் அங்கே வரும், அதற்கு ஊசி போட்டிருக்காது. பத்தில் ஏழு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிட்டால் கிருமி பரவ வழியில்லாமல் அடங்கும். கருத்தடை அதற்குத் துணை.

கடிபட்டால் உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்; நேராக அரசு மருத்துவமனை. கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஊர்ந்து போகிறது. அது போய்ச் சேருவதற்குள் ஊசி வேலை செய்யவேண்டும். தண்ணீரைக் கண்டு மிரளும் நிலை வந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த மருந்து ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. எத்தனையோ ஆடுகள் நமக்காகச் செத்தன. அந்த ஊசியால் சிலருக்குக் கைகால் விழுந்ததும் உண்டு. 2004-இன் கடைசியில் இந்தியா அதைக் கைவிட்டது. இப்போது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களிலிருந்து வருகிறது, கையில் போடுகிறார்கள். மனிதனுக்கும் நல்லது, ஆட்டுக்கும் நல்லது.

கே: உறையூரில் அவதரித்த திருப்பாணாழ்வார் கதையில் உங்களை உலுக்கிய இடம் எது?
(நாச்சியார்கோயில் பகுதி வாசகி)

ப: தீண்டாச் சாதி என்று விலக்கப்பட்ட பாணர் நெற்றியில் லோகசாரங்க முனிவர் எறிந்த கல் படுகிறது, ரத்தம் அரங்கன் நெற்றியில் தெரிகிறது. பிறகு பெருமாள் சொன்னபடி அதே முனிவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சன்னிதிக்கு வருகிறார். எறிந்த கையும் தூக்கிய தோளும் ஒருவருடையவை. மன்னிப்பை வாயால் கேட்டு முடிக்கவில்லை. உடம்பால் சுமந்து கேட்டார். எறிந்த நம் ஊர்கள் இன்னும் அந்தத் தோளைக் கொடுக்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்து எழுப்பிய சுவர் சாதிக்காகவே எழுந்தது. செத்த பிறகும் பக்கத்தில் படுக்க ஒப்பவில்லை.

கே: யானை, நாய், கோழி என்று உருகுகிறீர்கள். சாக்கடைக் குழியில் சாகிற மனிதனைப் பற்றி எழுதினால் குறைந்துபோவீர்களா?
(அரியமங்கலம் வாசகர்)

ப: கோபம் சரியானது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதனைக் குழிக்குள் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தும் இறங்குகிறார்கள், இறக்குகிறார்கள். இறங்குகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் குழியில் நடப்பது இது. அழுகலிலிருந்து வருகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் மூக்கின் நரம்பையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டதே என்று உள்ளே இருப்பவர் நினைக்கிற நேரம்தான் மிக ஆபத்தானது. இன்னும் கூடினால் சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். மேலே நிற்கும் தம்பியோ கூட்டாளியோ காப்பாற்றக் குதிப்பார், அவரும் சாவார். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான்.

உங்கள் வீட்டுத் தொட்டி நிறைந்தால் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். காசு கொஞ்சம் குறையும் என்று ஆளை இறக்கச் சொல்லாதீர்கள். “நானே இறங்குகிறேன் சார்” என்று அவரே சொன்னாலும் விடாதீர்கள். யாராவது உள்ளே மயங்கி விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள், குதிக்கப் போகிறவரைப் பிடித்து நிறுத்துங்கள். 101-ஐ அழைத்து, குழிக்குள் விஷவாயு என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். மூச்சுக் கருவியோடு வருவார்கள்.