ஹார்னுக்கும் ஒரு மனு

சோதனை விளக்கு என்று ஒன்று இருந்தது, உங்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கலாம்: ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர், ஒன்றின் முனையில் ஊசி, மற்றதில் கிளிப். கிளிப்பை வண்டியின் இரும்பில் கவ்வவிட்டு, சந்தேகப்பட்ட ஒயரை ஊசியால் குத்த வேண்டும். பல்பு எரிந்தால் கரண்ட் உண்டு, எரியாவிட்டால் இல்லை. பிரீமியர் பத்மினியின் மின்சார சாஸ்திரம் மொத்தமும் அவ்வளவுதான் என்று எண்பதுகளில் நான் மனதார நம்பினேன். அந்த நம்பிக்கையோடு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வாசலில், லுங்கியும் பனியனுமாக, பனியனுக்குப் பை இல்லாத குறையால் ஸ்குரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு நின்ற அந்த இளைஞனை இப்போது நினைத்தால், அறிவைவிடத் தோரணைதான் அவனிடம் அதிகம் இருந்தது என்று தெரிகிறது.

ஆனால் தோரணைக்கு ரசிகர்கள் இருந்தார்கள். ஹார்ன் அடிக்கவில்லை என்று தெரிந்தால் போதும், மாடியிலிருந்து வங்காளி தாதா இறங்கி வருவார், எதிர் பிளாக்கிலிருந்து சர்தார்ஜி வருவார். ஒருவர் ஃப்யூஸ் என்பார், ஒருவர் எர்த் என்பார், இரண்டு கட்சிக்கும் யார் வீட்டிலிருந்தாவது பக்கோடா வரும், உள்ளேயிருந்து "என்னங்க, காபி ஆறுது" என்ற குரலும் வரும். பெரும்பாலும் எர்த் கட்சிதான் ஜெயிக்கும். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முடுக்கினால் ஹார்ன் தெருவையே அலற வைக்கும். என் சாவி சர்தார்ஜியின் பத்மினியையும் திறக்கும், அவருடையது என்னுடையதை. அதை நாங்கள் திருட்டுக்கு வழி என்று நினைக்கவில்லை, அக்கம்பக்கத்து சௌகரியம் என்றே எடுத்துக்கொண்டோம்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஹர்பால் சிங்கிடம் கொடுத்தாரே, அந்தச் சாவிகூட வெறும் உலோகத் துண்டுதான். சாவிக்குள் சிப் புகுந்து, அது வண்டியோடு ரகசியம் பேச ஆரம்பித்தது பிற்பாடு. பதினைந்து வயது தாண்டிய பெட்ரோல் வண்டி தலைநகரில் ஓடக் கூடாது என்பதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது, எங்கள் தலைமுறை பத்மினிகளில் பல அதற்கு முன்பே மாயாபுரியில் பழைய இரும்பாகியிருந்தன.

இன்றைய வண்டிகள் பலவற்றில் பட்டனை அழுத்தினால் ஹார்னுக்குக் கரண்ட் போவதில்லை, ஒரு மனு போகிறது. மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளியே தலை நரைத்தவன் என்பதால் எனக்கு இது உடனே பிடிபட்டது. பாடி கண்ட்ரோல் மாட்யூல், சுருக்கமாக பிசிஎம், டாஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்து உட்கார்ந்திருக்கும் செக்‌ஷன் ஆபீசர். பூட்டு, வைப்பர், உள்விளக்கு, கண்ணாடி எல்லாம் அவர் மேஜைக்கு வந்துதான் போக வேண்டும். கதவு மூடியிருக்கிறதா, சாவி அருகில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆணை பிறப்பிப்பார். மற்ற இலாகாக்களோடு அவர் பேசுவது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர்களில். பாஷ் கம்பெனி 1986இல் அறிமுகப்படுத்திய 'கேன்' ஏற்பாடு அது. ஒரு ஒயரில் வோல்டேஜ் இரண்டரையிலிருந்து மூன்றரைக்கு ஏறும்போது மற்றதில் ஒன்றரைக்கு இறங்கும், அந்த வித்தியாசம்தான் பேச்சு. என் சோதனை விளக்கை அங்கே குத்தினால், பல்பு இழுக்கிற கரண்டிலேயே பேச்சு நின்றுபோகும்.

போன மழைக்காலத்தில் எங்கள் வண்டி நள்ளிரவில் தானே பூட்டைத் திறந்துகொண்டது. உள்விளக்கு அணைய மறுத்தது. விடிந்து பார்த்தால் பாட்டரி காலி. கரோல்பாக்கில் ஒரு பையன், காதில் எதையும் செருகாதவன், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த பதினாறு பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகினான். 'பி' என்று தொடங்கினால் எஞ்சின், 'சி' என்றால் சேஸி, 'யு' என்றால் பேச்சுவார்த்தை முறிவு. எங்களுக்கு வந்தது கனத்த 'B', அதாவது உடம்பு. பிறகு பாட்டரியோடு மீட்டரைக் கோர்த்து, வண்டியைப் பூட்டிவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்ன பேட்டா, சும்மா உட்கார்ந்துட்டே?"

"வண்டி தூங்கணும், அங்கிள்ஜி."

பூட்டிய வண்டிக்குள் மாட்யூல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணயர வேண்டுமாம். கடைசியில் இழுக்கும் கரண்ட் ஐம்பது மில்லி ஆம்பியருக்குக் கீழே வர வேண்டுமாம். எங்கள் வண்டி தூங்கவில்லை. ஸ்கேனர் திரையைப் பார்த்தால் காரணம் தெரிந்தது: கண்ணெதிரே மூடியிருந்த டிரைவர் கதவை, 'திறந்திருக்கிறது' என்று பிசிஎம் குறித்துவைத்திருந்தது. கதவைப் பார்க்காமல் கோப்பைப் பார்க்கும் இந்த மரபு எனக்குப் புதிதல்ல. கோப்பில் கதவு திறந்திருக்கும்வரை விளக்கும் எரியும், ஆபீசரும் விழித்திருப்பார்.

ஏன் என்பதை ஸ்கேனர் சொல்லவில்லை. பையன் முன்கண்ணாடிக்குக் கீழே விரலை விட்டான். தண்ணீர் வடியும் துவாரம் முழுக்க மட்கிய வேப்பிலை. வசந்தத்தில் வேம்பு உதிர்ப்பதைப் பெருக்கி முடிக்க டெல்லி மாநகராட்சியாலேயே ஆகாது. அங்கே தேங்கிய மழை உள்ளே கசிந்து, பிசிஎம்மின் கனெக்டரில் ஒரு பின் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் இல்லை, ஒரு ஸ்ப்ரே. மற்றபடி அதே வைத்தியம். தாதாவும் சர்தார்ஜியும் இருந்திருந்தால் பக்கோடா முடிவதற்குள் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லியிருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

புறப்படும்போது இண்டிகேட்டர் போட்டேன். பத்மினியில் அந்த டிக் டிக், ஃப்ளாஷருக்குள் தகடு சூடேறி வளைந்து ஆறி நிமிர்கிற சத்தம். ஒரு பல்பு போனால் தாளம் பிசகும், ஓட்டுகிறவன் காதே ரிப்பேரைச் சொல்லிவிடும். இப்போது விளக்கை மினுக்குவது சத்தமே இல்லாத சில்லு; நமக்குப் பழகிப்போயிற்றே என்று டிக் டிக்கை ஸ்பீக்கரில் தனியாக வாசிக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டுப் பையன் திரையைத் தட்டினான்.

"மெனுவுல இருக்கு, அங்கிள்ஜி. குறைக்கட்டுமா, கூட்டட்டுமா?"

கூட்டச் சொன்னேன்.