சாந்தோரினிக்குப் போற மருமவனுக்கு

மருமவனே, குடும்பத்தோட கப்பல்ல போறியாம்ல? கிரேக்க தேசத்துத் தீவு சாந்தோரினியில காலையில எறக்கிவிட்டு ராத்திரி ஏத்திக்கிடுவானாம். போன்ல எங்க அக்கா குரலு ஒரு கட்டை ஏறியிருந்துச்சு. ரொம்ப சந்தோசம். போன வருசம் எம் மவ என்னையும் அதே தீவுக்கு இழுத்துட்டுப் போனா. அந்த உரிமையில நாலு வார்த்த சொல்லுதேன். நீ கேக்க மாட்டேன்னு தெரியும். கேக்காத ஆளுக்குச் சொல்லத்தான தாய்மாமன்னு ஒருத்தன வச்சிருக்கு.

கப்பல விட்டு எறங்குனதும் வெள்ளை வீடும் நீலக் கும்மட்டமும் எதிர வந்து நிக்கும்னு நெனச்சிருப்ப. கப்பல் கரைக்கே போவாது. எரிமலை வெடிச்சு, நடு மலை உள்ள போயி, கடல் வந்து நெரப்புன குழிதான் அந்தக் கரையோரக் கடல். சில எடத்துல ஆழம் 400 மீட்டருக்குக் கிட்ட வரும். அதனால கப்பல் குழிக்குள்ளயே நிக்கும். உள்ளூர்ப் படகுக்காரங்க வந்து சனத்த அள்ளிட்டுப் போயி செங்குத்தான பாறைக்கு அடியில எறக்கிவிடுவாங்க. ஃபிராங்கிற ஊரு அதுக்கு 200 மீட்டருக்கு மேல ஒசரத்துல இருக்கு. அண்ணாந்து பாத்தா பாறை விளிம்புல உப்புப் பூத்த மாதிரி தெரியும்.

மேல போவ மூணு வழி. ஒண்ணு படிக்கட்டு. 600-க்குக் கொஞ்சம் கொறையும். நீ தெனம் காலையில ஓடுதேன்னு வாட்சுல காட்டுவியே, ஏறிப் பாரு. வழவழன்னு கல்லு, நடுநடுவ கழுதைச் சாணி, எதுக்க எறங்கிவர்ற கழுதைக் கூட்டம். ஓடுற ஆளுக்கு நல்லாத்தான் இருக்கும்.

ரெண்டாவது வழி அந்தக் கழுதையே. பிள்ளைய ஆசப்படும். ஆனா உன் எடைய நெனச்சா எனக்குக் கழுதை மேலதான் இரக்கம் வருது. 2018-ல அந்த நாட்டு அரசு ஒரு கட்டுப்பாடு கொண்டாந்துச்சு: 100 கிலோவுக்கு மேலயோ, அந்த விலங்கோட எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேலயோ பாரம் ஏத்தக்கூடாது. கணக்குப் போடு. 200 கிலோக் கழுதையா இருந்தா 40 கிலோ. உன் மூத்தவன் தாராளமா ஏறலாம். நீ ஏறணும்னா ஒரு எருமை வேணும், அது அங்க கெடையாது. கழுதைக்கு இருக்கிற பாதுகாப்பு இன்னும் உன் ஸ்கூட்டருக்கு வரல பாரு.

மூணாவது ரோப் கார். 1979-லருந்து ஓடுது. கப்பல் முதலாளி குடும்பத்து அறக்கட்டளை ஊருக்குப் போட்டுக் கொடுத்தது. வர்ற வருமானத்துல கழுதைக்காரங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பொழப்பக் கெடுத்தவன்கிட்டயே பங்கு வாங்குதான், கெட்டிக்காரன்! மேல போவ மூணு நிமிசம். ஆனா ஒரு தடவைக்கு 36 பேருதான். கப்பல்ல வர்ற சனம் ஒரு நாளைக்கு 8,000 பேருக்கு மேல போவக்கூடாதுன்னு 2025-லருந்து வரம்பு வச்சிருக்காங்க. அந்த வரம்புக்குள்ளயே வந்தாலும் 8,000-த்த 36-ஆல வகுத்துப் பாரு. தீவுல மொத்தமா குடியிருக்கிறது 15,000 சொச்சம் சனம். ஒரு தடவை, 2024 கோடையில, கப்பல் கூட்டம் வருது, உள்ளூர்க்காரங்க முடிஞ்ச மட்டும் வெளிய நடமாடாதீங்கன்னு ஃபிரா ஊர்ச் சபையில ஒருத்தரு ஃபேஸ்புக்குல எழுதிட்டாரு. சனம் கொதிச்சுப் போச்சு. இருக்காதா பின்ன? வீட்டுக்காரன உள்ள போட்டுப் பூட்டிட்டு விருந்தாளிக்கு வாசல் தெளிக்கிறது எந்த ஊரு வழக்கம்?

உன்ன மாதிரி விருந்தாளிய அவன் சும்மா விடல. 2025 சூலைலருந்து, கோடை மாசத்துல கப்பல்ல வந்து எறங்குற தலைக்கு 20 யூரோ வரி. கப்பல் பில்லுல சேத்துருவான், உனக்குத் தெரியக்கூடத் தெரியாது. தெரியாமக் குடுக்கிறதுலதான உனக்கு நிம்மதி.

எறங்குன கூட்டம் அம்புட்டும் எங்க போவும்? வடக்க, ஓயாங்கிற ஊருக்கு. நீயும் அங்கதான் போவ. நீலக் கும்மட்டத்துக்கு முன்னால ஒரு மொடுக்கு இருக்கு. அங்க எல்லாரும் வரிசையில நின்னு ஒரே படத்த எடுப்பாவ. நீயும் எடு. உன் படத்துக்கும் அடுத்தவன் படத்துக்கும் உன் மூஞ்சி ஒண்ணுதான் வித்தியாசம், அதுவும் அவன் படம்தான் நல்லாருக்கும். மருமவளுக்கு இன்னொரு சங்கதி. பெரிய வாலு வச்ச கவுன வாடகைக்குக் குடுத்து, மாடிச் சுவர்ல நிக்க வச்சு, வாலு காத்துல பறக்கும்போது படம் எடுத்துத் தர்ற யாவாரம் அங்க சக்கப்போடு போடுது. பறக்கிறது துணி, பறந்துபோறது உன் யூரோ. அந்த ஊருக் காத்துக்கு வாடகைக் கவுன் எதுக்கு? மருமவ சேல முந்தானையே பறக்கும், காசும் மிச்சம்.

பாறையக் கொடஞ்சு கட்டுன வீடு பாப்ப. வாசல்ல நீச்சல் குளமும் உள்ள வெள்ளைக்காரனும் இருக்கும். முந்தி அது கப்பல்ல கூலிக்குப் போனவன் குடியிருந்த பொந்து. கேப்டன்மாரு மேல மாளிகை கட்டி இருந்தாவ. 1956 சூலை 9-ந் தேதி பூகம்பம் வந்து முக்கால்வாசி ஊரையும் ஆட்டிருச்சு, நெறைய பேரு விட்டுட்டுப் போயிட்டான். இப்ப அதே பொந்துல ஒரு ராத்திரி படுக்க உன் மாசச் சம்பளத்துல பாதி கேப்பான். ஏழை விட்டுட்டுப் போன எடத்துக்குப் பணக்காரன் தேடி வருதான்.

நீங்க எல்லாரும் ஓயாவுக்குப் போயிருங்க, நல்லாப் போங்க. அப்பதான் தெற்க அக்ரோத்திரி காலியா இருக்கும். இல்ல, மாமன் பேச்சுக்கும் ஒரு மதிப்புக் குடுப்பேன்னா அங்க போ. சுமார் 3,600 வருசத்துக்கு முன்ன அந்த எரிமலை வெடிச்சப்ப சாம்பலுக்குள்ள போன ஊரு அது. 1967-ல ஸ்பிரிதோன் மாரினாதோஸ்னு ஒரு வாத்தியாரு தோண்ட ஆரம்பிச்சாரு. 1974-ல அந்தக் குழியிலயே செத்தும் போயிட்டாரு. இப்ப முழுசுக்கும் கூரை போட்டு வச்சிருக்கு, அக்கா வெயில் படாம நடக்கலாம். தெரு இருக்கு, ரெண்டு மாடி மூணு மாடி வீடு இருக்கு. மாடியில கக்கூசு, அதுலருந்து மண்குழாய் எறங்கித் தெருவுக்கு அடியில ஓடுற சாக்கடையில சேருது. நம்ம பஞ்சாயத்துத் தலைவர அனுப்பி வைக்கணும்னு நான் அங்கயே நெனச்சேன்.

ஆனா எனக்குப் பிடிச்சது இது. அந்த ஊருல இதுவரைக்கும் ஒரு எலும்புக்கூடு கூடக் கெடைக்கல. நகை நட்டும் கெடைக்கல. 1999-ல ஒரு பெட்டிக்குள்ள தங்கத்துல ஒரு காட்டாட்டுச் சிலை கெடைச்சதுதான் பெருசு. பூமி ஆடும்போதே சனம் மூட்டையக் கட்டி, படகு பிடிச்சுக் கெளம்பிருக்கணும். 2025 பிப்ரவரியில திரும்பவும் நாள் கணக்கா ஆடுனப்ப 10,000 பேருக்கு மேல தீவ விட்டு வெளியேறுனாங்க. எப்பக் கெளம்பணும்னு தெரிஞ்ச சனம். நீ கல்யாண வீட்டுக்கே பந்தி முடிஞ்சு வர்ற ஆளு, அதனாலதான் இத இம்புட்டு விளக்கமாச் சொல்லுதேன்.

திரும்ப ஃபிராவுக்கு வந்தா அங்க ஒரு சின்ன மியூசியம். அக்ரோத்திரி வீட்டுச் சுவர்ல இருந்த ஓவியத்துல நீலக் குரங்குக் கூட்டம் ஒண்ணு அதுல இருக்கு. பிள்ளைகள அங்க கட்டாயம் கூட்டிட்டுப் போ. குரங்கப் பத்தியே ஆராயுறவங்க சிலரு அந்த ஓவியத்தப் பாத்துட்டு, வாலு பிடிச்சிருக்கிற தினுச வச்சு, இது இந்தியப் பக்கத்து மந்தின்னு எழுதியிருக்காவ. அது சரின்னா அந்தக் காலத்துலயே சிந்து பக்கத்துச் சங்கதி அந்தத் தீவு வரைக்கும் போயிருக்கு. உன்னப் பாத்தா எனக்கும் நம்பிக்கை வருது. போறதுக்கு முன்ன மியூசியத்துக்கு எந்தக் கிழமை லீவுன்னு மட்டும் பாத்துக்கோ.

அக்ரோத்திரிக்குப் போற வழியில சன்னல் ஓரம் ஒக்காரு, போன பாக்காத. திராட்சத் தோட்டம் வரும். பந்தல் கெடையாது. கொடியத் தரையோட தரையா வட்டமாச் சுத்திச் சுத்திக் கூடை முடைஞ்சு விட்டிருக்கான். பழம் அதுக்குள்ள காத்துக்குப் பயந்து ஒளிஞ்சு கெடக்கு. மழை பேருக்குத்தான். ராத்திரி கடல்லருந்து வர்ற ஈரத்தக் குடிச்சே கொடி வளருது. உலகம் பூராவும் திராட்ச வேர அரிச்ச பூச்சி இந்த எரிமலை மண்ணுல பொழைக்க முடியல, அதனால ஒட்டுக் கட்டாத பழைய வேரு இன்னும் நிக்குது. அசிர்த்திகோன்னு ரகம். அதுல எடுத்த ஒயின நான் சும்மா ருசி பாத்தேன், அக்காகிட்ட சொல்லிராத.

சாப்பாட்டுக்கு ஓயா மாடிக் கடையில ஒக்காந்து இத்தாலிப் பீட்சாவ முழுங்காத. உள்ளடங்குன ஊரா பாத்து ஃபாவா கேளு. மஞ்சப் பருப்ப வேக வச்சுக் கடைஞ்சு, பச்ச வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருவான். நம்ம கேசரிப் பருப்புக்குப் பங்காளிச் செடி. அக்ரோத்திரியிலயே அந்தப் பருப்பு கெடைச்சிருக்கு, அம்புட்டுப் பழசு. பருப்புக் கடையலுக்கு யூரோவான்னு அக்கா கூப்பாடு போடும். போடட்டும், தட்டு காலியானப்புறம் கேட்டுக்கோ. தண்ணி பாய்ச்சாம வெளயிற குட்டித் தக்காளியில ஒரு வடை சுடுவான், அதையும் விடாத.

சூரியன் மறையறத ஓயாவுல பாக்கணும்னு பிள்ளைய அடம் பிடிக்கும். கோடையில எட்டரை மணி ஆயிரும். சந்துல அடுத்தவன் முதுகப் பாத்துக்கிட்டு நிக்கணும். கப்பல் அதுக்குள்ள கெளம்பலேன்னா மேல்தட்டுல நாற்காலியப் போட்டு ஒக்காரு. குழி மேக்குப் பாத்துத்தான் இருக்கு, அதே சூரியன்தான் விழும்.

கடைசியாத் திரும்பற சங்கதி. சாயங்காலம் மேல போன சனம் மொத்தமும் ஒரே நேரத்துல ரோப் கார் வரிசைக்கு வரும். கடைசிப் படகுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாலயே அங்க போயிரு. அக்கா முட்டிய நம்பிப் படியில எறங்கலாம்னு நெனைக்காத. கப்பல்லயே விக்கிற சுற்றுலாவுல அக்ரோத்திரிக்குப் போறது இருந்தா, காசு கூடன்னாலும் அதையே வாங்கு. அவங்கள அனேகமா வேற துறையில எறக்கி பஸ்ஸுல மேல ஏத்திருவான். இன்னொன்னும் இருக்கு: அந்த பஸ் பிந்துனா கப்பல் நிக்கும். தானாச் சுத்தப் போயி பிந்துனவனுக்கு நிக்காது. அடுத்த துறைமுகத்துக்கு அவன் சொந்தக் காசுல வந்து சேரணும்.