மைலேஜ் மீமாம்சை

கார் வைத்திருக்கும் தமிழர் ஒருவரிடம் சம்பளம் என்ன என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். வயது என்ன என்று கேட்டால் இரண்டைக் குறைப்பார். வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டாலோ, கேள்வி முடியுமுன்பே தசம ஸ்தானத்தோடு ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, கேட்டவர் நம்பினாரா என்று அவர் முகத்தை ஏற இறங்கப் பார்ப்பார். இந்த எண் எங்கே உற்பத்தியாகிறது, அதற்குப் பிரமாணம் யாது, வருஷக்கணக்காக அதை எழுதி வைப்பதனால் துலங்குவது வண்டியின் ஸ்வபாவமா வண்டிக்காரரின் ஸ்வபாவமா என்பவற்றைச் சாஸ்திரோக்தமாக விசாரித்தவர் இதுகாறும் எவரும் இலராதலின், அக்குறையை நீக்கும் பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

காட்சி, கருதல், உரை என்று நம் முன்னோர் வகுத்த மூன்று அளவைகளும் மைலேஜ் விஷயத்தில் அப்படியே பொருந்துகின்றன. இவற்றுள் உரையளவை என்பது கம்பெனி அச்சிட்டுத் தரும் எண்ணாகும். 1966-இல் ஏற்பட்ட புனே நகரத்து ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற பரிசோதனைச் சாலைகளில், வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி, விதித்த கிரமப்படி 1180 விநாடி, அதாவது 20 நிமிஷத்துக்குச் சற்றுக் குறைய, மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேற்படாமல், ஏ.சி.யை அணைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். செலவான பெட்ரோலை ஊற்றி அளப்பதுகூட இல்லை. புகையில் வெளியான கரியைக் கொண்டு கணக்கிட்டுவிடுகிறார்கள். அங்கே வேகத்தடை இல்லை, குறுக்கே படுத்த எருமை இல்லை, பின்ஸீட்டில் மைத்துனர் குடும்பமும் இல்லை. அவ்வெண்ணைப் பொய்யென்று தள்ளுவது அடாது. உருளையின்மேல் அது மெய்தான். இனிக் கருதலளவையாவது, புதிய வண்டிகளில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மினுக்கும் எண். எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருள் பீய்ச்சப்பட்டது என்பதை அநுமானித்துச் சொல்லும் அக்கருவி, பெரும்பாலும் எஜமானர் மனம் கோணாதபடி சற்றுத் தாராளமாகவே சொல்லும். அதைப்பற்றி விரித்து எழுத ஒன்றுமில்லை.

எஞ்சியது காட்சியளவை. தொட்டியை விளிம்புவரை நிரப்பி, மீட்டரைக் குறித்து, ஓட்டிக் கரைத்து, மறுபடியும் விளிம்புவரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுப்பது. டேங்க் டு டேங்க் என்று உலகோர் வழங்குவர். ஆயினும் விளிம்பு என்பது யாது என்ற ஒரு வினாவிலேயே இம்மதம் பல கிளைகளாகப் பிரிந்துவிடுகிறது. பங்க்கில் நிற்கும் பையன், "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்று சொல்லிக் குழாயைச் செருகுகிறான். குழாய் நுனியிலுள்ள சிறு துவாரத்தைப் பெட்ரோலோ நுரையோ மூடிய மாத்திரத்தில், உள்ளே காற்றோட்டம் தடைப்பட்டு, டக்கென்று அது தானே நின்றுவிடுகிறது. அத்தோடு போதுமென்போர் ஒரு சாரார். "ரவுண்டா போட்டுரவா சார்?" என்று பையன் கேட்க, தலையசைத்து, ரூபாய் முழு எண்ணாகும்வரை சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொள்வோர் மற்றொரு சாரார். வண்டியைக் குலுக்கிக் குமிழியை வெளியேற்றி, மேலும் கால் லிட்டர் புகட்டினாலொழிய மனம் ஆறாத அதிதீவிரரும் உளர். தரை சற்றுச் சரிந்திருந்தாலும், நுரை மிகுந்தாலும், அந்த டக்கென்ற ஒலி முன்பின்னாகும். 20 லிட்டர் பிடிக்கும் இடத்தில் 1 லிட்டர் மாறினால் விடையில் 5 விழுக்காடு பிசகு; அப்பிசகும் அடுத்த தடவை நேரெதிராகத் திரும்பிவரும். ஆகவே இம்முறை 17 என்று கண்டு பூரித்துப்போன குடும்பத் தலைவர், அடுத்த முறை 15 சொச்சம் என்று கண்டு மெக்கானிக்கைத் திட்டுகிறார். மெக்கானிக் இரண்டிலும் சம்பந்தப்படாதவர்.

இவ்வாராய்ச்சிக்கு மூலமாகக் கிடைத்த சுவடி, நண்பர் ஒருவரது மாருதி 800-இன் டாஷ்போர்டு அறையில், காலாவதியான இன்ஷூரன்ஸ் தாளுக்கும் பல்லி மிட்டாய்ப் பொட்டலத்துக்கும் இடையே காணப்பட்டது. 796 சி.சி. எஞ்சினோடு 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டிக்கு எழுந்த சரித்திர நூல்களுள் இதற்குத் தனியிடம் உண்டு. நகைக்கடை டைரியில் தொடங்கிக் கூட்டுறவுச் சங்க டைரியில் தொடரும் இந்நூலில் தேதி, மீட்டர், லிட்டர், ரூபாய், குறிப்பு என ஐந்து பத்திகள். குறிப்புப் பத்தியே நூலின் உயிர்நிலை: "திண்டிவனம் வரை 60-லேயே வந்தேன்", "மதுரைக் கல்யாணம், ஏ.சி. ஓயவில்லை", "காற்று 30 வைத்தது". பாடபேதங்களும் உள. ஓரிடத்தில் 14.2 என்பது வேறு மையினால் 17.2 என்று திருத்தப்பட்டிருக்கிறது. அவ்வரியின் கிலோமீட்டரையும் லிட்டரையும் வகுத்துப் பார்க்குமிடத்து 14.2 என்பதே மூலபாடம் என்பது வெளியாகிறது. மற்றோரிடத்தில், முற்றிலும் வேறான கையெழுத்தில், "பால் கணக்கை இப்படி எழுதியிருந்தால் தேவலை" என்றொரு வாக்கியம். இது இல்லத்தரசியாரின் இடைச்செருகல் என்று தள்ளத்தக்கதாயினும், சுவடி முழுவதிலும் மறுக்கவொண்ணாத வாக்கியம் இஃதொன்றே என்று உரைகாரர் கருதுகிறார்.

"புது டயர் போட்டது முதல் வண்டி கொடுப்பதில்லை" என்னும் புலம்பலும் சுவடியில் வருகிறது. இதன் உட்பொருள் நுட்பமானது. டயர் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் அதன் விட்டம் 12 மில்லிமீட்டர் குறைகிறது. சிறு சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். மீட்டர் எண்ணுவதோ சுற்றுக்களைத்தான். இந்த வண்டியின் சிறிய சக்கரத்தில் கணக்குப்படி இது 2 விழுக்காட்டை எட்டும். போதாக்குறைக்குத் தேய்ந்த டயர் உருள்வதும் எளிது. ஆக, நண்பர் பல மாதமாக மார்தட்டிக்கொண்டதில் ஒரு பகுதி, டயர் வழுக்கையானதன் புண்ணியம்.

சராசரி கண்ட முறையில்தான் நண்பர் பெரிதும் வழுவினார். ஊருக்குள் 100 கிலோமீட்டருக்கு 10 வீதமும், பைபாஸில் 100 கிலோமீட்டருக்கு 20 வீதமும் கொடுத்தால் சராசரி 15 என்று எழுதுகிறார். செலவானது 10 லிட்டரும் 5 லிட்டரும், ஆக 15 லிட்டர், ஓடியது 200 கிலோமீட்டர், விடை 13.3. லாரிக், சோல் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இருவர் 2008-இல் "சயன்ஸ்" பத்திரிகையில் இத்தகைய மயக்கத்தைத்தான் எடுத்துக்காட்டினர். நம் கணக்கில் சொன்னால், 10 கொடுக்கும் வண்டி 12 கொடுப்பதும், 20 கொடுக்கும் வண்டி 30 கொடுப்பதும் 1,000 கிலோமீட்டரில் மிச்சப்படுத்துவது ஒரே அளவு, 16.7 லிட்டர். ஐரோப்பியர் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுவதனால் இக்குழப்பம் அவர்களுக்கு இல்லை. நமக்கு அது ஒத்துவராது. எண் சிறுத்தால் பெருமை என்னும் ஏற்பாடு கல்யாணப் பந்தலில் எடுபடுமா?

இவ்வளவு பாடுபட்டு எழுதியும் ஒரு சொட்டுப் பெட்ரோல் மிஞ்சியதா எனின், பூர்வபட்சி கூறுவது நியாயமே. எழுதியதனால் மட்டும் மிஞ்சவில்லை. ஆனால் 16-ஐ ஒட்டியே வந்த எண் ஒரு கோடையில் மூன்று தடவை தொடர்ந்து 13-க்கு இறங்கியபோது, நண்பர் பங்க்கைச் சந்தேகித்து, 5 லிட்டர் முத்திரைக் கலத்தில் அளந்து காட்டச் சொல்லி, அளவு சரியாயிருக்கக் கண்டு ஏமாந்து, பிறகுதான் பின்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். கை சுட்டது. பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. இதைக் கண்டுபிடித்தது சுவடி. பெட்ரோலில் எத்தனால் 2022-இல் 10 விழுக்காடாகவும் 2025-இல் 20 விழுக்காடாகவும் ஏறியதன் பலனையும் இத்தகைய நூல்களே நேர்மையாகச் சொல்லவல்லன. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு; ஆகவே 20 விழுக்காட்டுக் கலவையில் சக்தி 6, 7 விழுக்காடு குறையும் என்பது காகிதக் கணக்கு. அவரவர் வண்டியில் குறைந்தது எவ்வளவு என்பதற்கு வருஷக்கணக்கான வரிசைகள் வேண்டும்; ஒரே ஒரு டேங்க் நிரப்பிவிட்டு வழக்காடுவோர் பேச்சைச் சபையில் ஏற்கலாகாது.

சித்தாந்தம் இதுவே: தனித்தனி டேங்க்குகளின் பிசகுகளெல்லாம் ஒன்றையொன்று தின்று தீர்ந்தபின் நிற்பது, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்த ஓர் எண். எவரும் வெளியே சொல்லாத எண்ணும் அதுவே. பழைய வண்டி வாங்கப்போகும் வாசகர்கள் ஆர்.சி. புத்தகத்தோடு இந்த நோட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நோட்டு இல்லை என்பவரிடம் வாய்க்கணக்கு கேட்காதீர்கள், பின்சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள்.