சாகாத பேட்டரிக்கு ஒப்பாரியாலே?

வாலே பேராண்டி, உக்காரு. லேப்டாப் பேட்டரி ஒரு மணி நேரங்கூட நிக்க மாட்டேங்குதுன்னு ஆச்சிகிட்ட மூக்கைச் சிந்துனியாமே. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்ங்கே, அப்டேட் போட்டதுல கெட்டுப்போச்சுங்கே, கரண்டு சரியில்லங்கே. ஊர்ல இருக்கிற அத்தன பேரும் குத்தவாளி, நீ மட்டும் ஒண்ணுமே செய்யல. பச்சப்புள்ள!

நான் மைக்செட் போட்டு வயிறு வளத்தவன். கோயில் கொடையில கரண்டு போனாலும் வில்லுப்பாட்டு நிக்காம இழுத்துக்கிட்டுப் போனது ஆசிட் பேட்டரிதான். மூடியத் தொறந்து ஹைட்ரோமீட்டரை விட்டுப் பாக்காம ‘பேட்டரி வீக்’குன்னு நாங்க வாயத் தொறக்க மாட்டோம். நீ என்ஜினீயரிங் படிச்சவம்லா, அதனால அளக்காமலே தீர்ப்பு எழுதிட்டே. நேத்து ராத்திரியே புதுப் பேட்டரி விலையும் பாத்தாச்சாம். ரொம்ப வேகம்.

உன் பொட்டிக்குள்ளயே ஹைட்ரோமீட்டர் இருக்குலே. விண்டோஸ்தானே? ஸ்டார்ட்ல போயி சிஎம்டின்னு அடி, கறுப்பு ஜன்னல் ஒண்ணு தொறக்கும். அதுல பவர்சிஎஃப்ஜின்னு அடிச்சு, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட்னு சேத்து அடி. ஃபைலை எங்க வச்சிருக்கேன்னு அதுவே சொல்லும். தொறந்தா ரெண்டு வரி கண்ணுல படும். ஒண்ணு டிசைன் கெப்பாசிட்டி, அது பொறந்தப்ப இருந்த தெம்பு. இன்னொண்ணு ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி, இன்னைக்கு மிச்சமிருக்கிற தெம்பு. முதல்ல 50,000-ன்னும் அடுத்தது 31,000-ன்னும் போட்டிருந்தா 62 சதவீதம்தான் தேறுதுன்னு அர்த்தம். மேக் வச்சிருக்கிற உன் கூட்டாளிக்கு சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல பவர்ங்கிற இடத்துல சைக்கிள் கவுண்ட்டே எழுதியிருக்கும். இப்பத்தி மேக்புக்குக்கு ஆயிரம் சைக்கிள்னு ஆப்பிள்காரன் கணக்கு. பிளக்க ஒருதரம் மாட்டுனா ஒரு சைக்கிள்னு எண்ணிராதே. இன்னைக்குப் பாதி தீத்து, நாளைக்கு இன்னொரு பாதி தீத்தா, ரெண்டும் சேந்துதான் ஒண்ணு.

ரிப்போர்ட்ல 85, 90-ன்னு வந்துச்சுன்னு வையி, பேட்டரி மேல ஒரு பழியும் இல்ல. பழி ஆரு மேலன்னு டாஸ்க் மேனேஜர்ல பவர் யூசேஜ்ங்கிற பத்தியைப் பாத்தாத் தெரியும். பிரவுசர்ல பொங்கலுக்குத் தொறந்த டேப்பு சித்திரை வந்தும் மூடல. ஸ்கிரீன் வெளிச்சம் கொடைக்கு டியூப்லைட் கட்டுன கணக்கா எரியுது, நீ அதுல பாக்குறது எக்செல் ஷீட்டு. வெளிச்சத்தைப் பாதிக்கு இறக்கி வேண்டாத டேப்பை மூடு. பைசாச் செலவில்லாம நேரம் கூடும்.

60, 65-ன்னு வந்தா அது உன் சமையல். எங்க ஆசிட் பேட்டரி காலியாக் கெடந்தா தகட்டுல சல்பேட் படிஞ்சு செத்துரும், எப்பவும் நெறச்சே வைக்கணும். உன் லித்தியம் பேட்டரி குணத்துல நேர் எதிர். நெறஞ்சே கெடந்தா அதுக்கு ஆகாது, சூடுன்னா அறவே ஆகாது. ரெண்டும் சேந்தா வயிறு முட்டத் தின்னவனைக் கத்திரி வெயில்ல நிறுத்துன மாதிரிதான். முழுசா ஏத்துன பேட்டரியை 40 டிகிரி சூட்டுல ஒரு வருசம் சும்மா வச்சாலே தெம்பு சுமார் 65 சதவீதத்துக்கு எறங்கிரும். ஒரு வேலையும் செய்யாம! அதையே 40 சதவீதம் மட்டும் ஏத்தி 25 டிகிரியில வச்சா 96 கிட்ட நிக்கும்.

நீ என்ன செய்யுதே? சித்திரை மாசத்துல, தகரக் கூரைக்குக் கீழ, மெத்தை மேல லேப்டாப்பைக் கெடத்தி, ராவும் பகலும் பிளக்கைப் புடுங்காம வச்சிருக்கே. அது அடியில இருக்கிற ஓட்டை வழியாத்தான் மூச்சு இழுக்கும், அத இலவம்பஞ்சு வச்சு அடைச்சாச்சு. ஃபேன் கெடந்து கத்துது, நீ காதுல ஹெட்போன மாட்டிட்டே. நல்ல புள்ள வளத்தோம்.

இந்த லித்தியம் பேட்டரிக்கு வழி பண்ணுனதுக்காக 2019-ல மூணு பேருக்கு நோபல் குடுத்தான். அதுல குட்எனஃப்னு ஒரு கெழவர், அப்ப அவருக்கு வயசு 97. நூறு வரைக்கும் இருந்துட்டுத்தான் போனாரு. நீ மூணு வருசத்துல பேட்டரிக்குக் கருமாதி வைக்கே.

இனிமே பலகை மேல வையி. நாள் முழுக்க பிளக்லயேதான் வேலைன்னா சார்ஜை 80-லயே நிறுத்துற வசதியைப் போட்டு விடு. லெனோவோவுல கன்சர்வேஷன் மோடும்பான், ஆசஸ்ல பேட்டரி ஹெல்த் சார்ஜிங்கும்பான். அதுக்காக 20 சதவீதம் வீணாப் போகுதேன்னு கணக்குப் பாக்காதே, பயணம் போற அன்னைக்கு நூறு ஏத்திக்கோ. மாசக்கணக்கா எடுக்க மாட்டேன்னா பாதி ஏத்தி நிழல்ல வையி, சுத்தமாத் தீத்து வச்சிட்டா பொறவு எழும்பாமலே போயிரலாம்.

தெனமும் பூச்சியம் வரைக்கும் தீத்துத்தான் ஏத்தணும்னு ஒருத்தன் சொன்னாம்லா? அது நிக்கல் காட்மியம் காலத்து வைத்தியம், லித்தியத்துக்கு வயசைத்தான் குறைக்கும். 30 காட்டிட்டுப் பொசுக்குன்னு அணைஞ்சா மட்டும் ஒருதரம் முழுசா ஏத்தி, இறக்கி, நிறுத்தாம மறுபடி ஏத்திப் பாரு. மீட்டர் கணக்குச் சரியாகலாம், போன தெம்பு வராது. ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொன்னவனை மட்டும் என்கிட்ட அனுப்பி வையி, அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்.

வெளையாட்டை விடு, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ. டச்பேட் அமுங்க மாட்டேங்குதா, அடிமூடி மேசையில ஆடுதா? பேட்டரி ஊதுதுன்னு அர்த்தம். அப்ப ரிப்போர்ட்டும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். அணைச்சு, பிளக்கைப் புடுங்கி, அமுக்காம குத்தாம சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போ. புதுசு வாங்கையில பழசு மேல அச்சடிச்ச பார்ட் நம்பரும் வோல்டேஜும் பாத்து வாங்கு, பாதி விலைன்னு வாயப் பொளக்காதே. பழச குப்பையில எறிஞ்சிராதே, அது தீப்புடிக்கிற சாமான். அதைத் திரும்ப வாங்கிச் சேக்குற பொறுப்பு தயாரிக்கிறவனுக்குத்தான்னு 2022-லயே இந்தியாவுல விதி போட்டாச்சு.