வாழ்த்தியவர்கள் வாழ்க

உறவினர்களே, நண்பர்களே, என் முதல் நாவலை நான் சொந்தக் காசில் அச்சிட்டபோது நீங்கள் காட்டிய பெருந்தன்மையை நாலு பேர் அறியச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன்.

வெளியீட்டு விழாவுக்கு 80 பேர் வந்தீர்கள். 11 பொன்னாடைகள் போர்த்தினீர்கள். எழுதியவனின் தோளுக்குக் குளிரக் கூடாது என்பதில்தான் உங்களுக்கு எத்தனை அக்கறை! மண்டப வாசலில் மேசை போட்டு என் தங்கை விற்பனைக்கு உட்கார்ந்திருந்தாள். நூலின் விலை 280 ரூபாய். சில்லறை எண்ணும் சிரமத்தை அவளுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று அவளைத் தாண்டி நேரே என்னிடம் வந்தீர்கள். “நமக்கு ஒண்ணு கையெழுத்துப் போட்டுக் குடுப்பா” என்று உரிமையோடு கேட்டீர்கள். அந்த உரிமையை மதித்துப் போட்டுக் கொடுத்தேன். இரவு எட்டரை மணிக்கு மேசையை மடக்கும்போது 60 பிரதிகள் போயிருந்தன. தங்கையின் பெட்டியில் 9 பிரதிகளுக்கான பணம் இருந்தது.

அரசாங்கத்துக்குக்கூட என் நூலின் மேல் உங்கள் அளவுக்கு ஆசை இல்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. நூலைப் பதிப்பித்தவர் 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் தம் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். எழுதியவனும் நானே, பதிப்பித்தவனும் நானே என்பதால் தபால் செலவையும் நானே கொடுத்தேன். ஆக, ஒரு தேசத்துக்கு 4 இலவசப் பிரதிகள் போதுமானவையாக இருந்தன. என் பெரியப்பா வீட்டுக்கு 6 வேண்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று, குடியிருப்புச் சங்கத் தலைவருக்கு ஒன்று என்று பெரியம்மா விரல் விட்டு எண்ணினார்.

புத்தகக் கடைக்காரரும் கருணை உள்ளவர். 40 சதவீதம் கழிவுதான் கேட்டார். பணம், நூல் விற்ற பிறகு.

எல்லாவற்றையும்விட நான் வியப்பது நீங்கள் படிக்கும் வேகத்தை. 312 பக்க நாவல். விழாவுக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கே வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது: “அண்ணா, செம! ஒரே மூச்சுல முடிச்சிட்டேன்.” முகநூலில் நூலின் அட்டை, பக்கத்தில் காபி டம்ளர், ஓரத்தில் இரண்டு மல்லிகைப் பூ. கீழே வரிசையாக வாழ்த்துகள். மூன்று பேர் “உலகத் தரம்” என்று எழுதியிருந்தீர்கள். அன்று இரவு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. அது பொய்யில்லை.

ஐந்து மாதம் கழித்து உடுமலைப்பேட்டையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். முன்பின் தெரியாதவர். கடையில் காசு கொடுத்து வாங்கியவர். “தம்பி, 112ஆம் பக்கத்துக்கு அப்புறம் திரும்பவும் 97 வருதே. 113லேருந்து 128 வரைக்கும் காணோம். அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா?”

கட்டிலுக்கடியில் இருந்த பிரதிகளை இழுத்துப் போட்டுப் புரட்டினேன். பைண்டிங்கில் 16 பக்க ஃபாரம் ஒன்று இரண்டு முறை சேர்ந்து, அடுத்த ஃபாரம் விடுபட்டிருந்தது. முதலில் வந்த நான்கு கட்டுகள் முழுக்க அப்படித்தான். விழாவில் உங்களுக்குக் கொடுத்தவை எல்லாம் அந்தக் கட்டுகளில் இருந்து எடுத்தவை. அந்தப் பக்கங்களில்தான் நாயகி கிணற்றடிக் கல்லில் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு, விடிவதற்குள் ஊரைவிட்டுப் போகிறாள். நாவலை எழுதி முடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. அதில் ஒரு வருடம் அந்த 16 பக்கத்துக்கே போனது. அவள் ஏன் போனாள், எப்படிப் போனாள் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், கதையை நிறைவாக ஏற்றுக்கொண்டீர்களே! எழுதியவன் மனம் நோகக் கூடாது என்று ஐந்து மாதம் வாய் திறக்காமல் இருந்தீர்களே! இந்தப் பொறுமை யாருக்கு வரும்?

இது இன்று வந்த குணமும் இல்லை. 1920இல் கடையத்தில் இருந்த பாரதி, தம் எழுத்துகளை 40 நூல்களாக, நூலுக்கு 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டம் போட்டார். தானமாகக் கேட்கவில்லை, கடனாகப் பணம் அனுப்பும்படி நண்பர்களுக்கு எழுதினார். திட்டம் நடக்கும் அளவுக்குப் பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். சிலைக்கும் தெருப்பெயருக்கும் நாம் குறை வைக்கவில்லை.

புகழ்ந்தது போதும். இனி வெளிப்படையாகவே கேட்கிறேன். உங்கள் ஊரில் அடுத்து யாராவது சொந்தக் காசில் நூல் போட்டால், பொன்னாடைக்கு வைத்திருக்கும் பணத்தை வாசலில் இருக்கும் அந்த மேசையில் கொடுங்கள். நூலை வாங்கி, படித்து, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். எழுதுகிறவன் அதைத் தாங்கிக்கொள்வான்.

விடுபட்ட 16 பக்கங்களைத் தனியாக அச்சிட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பிரதியில் 112க்குப் பிறகு 97 வந்தால் முகவரி அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது. இந்த அறிவிப்பை முகநூலில் போட்டு மூன்று மாதம் ஆகிறது. கேட்டு வாங்கியவர் உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவர்தான்.