தோட்டம் தெரியும் அறை

நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம். படுக்கிற இடத்துக்குப் பெயர் லாட்ஜ். கம்பத்தில் நான் வளர்ந்த காலத்தில் இரண்டுக்கும் அவசியம் இருந்ததில்லை. சாப்பாடு வீட்டில், படுக்கை மொட்டை மாடியில். திராட்சை பழுக்கும் நாட்களில் மட்டும் தோட்டத்துக் குடிசையில் படுக்கை. அப்படி வளர்ந்தவன், கலிபோர்னியாவில் ஒயினுக்குப் பேர்போன நாபா பள்ளத்தாக்கில் இரண்டு ராத்திரி தங்க ஒரு ஹோட்டலைத் தேர்ந்தெடுக்க 2024-ல் பதினேழு நாள் எடுத்துக்கொண்டேன். 1999-ல் இதே வேலை பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்தது. அதிலும் நாலு நிமிஷம் சண்டை.

1999-ல் எங்களுக்குப் பிழைப்பு கொடுத்தது பயம். அடுத்தவர்களுடைய பயம். டிசம்பர் 31 நள்ளிரவில் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் மண்டையைப் போட்டுவிடும் என்று நம்பிய புண்ணியவான்கள் எங்களை விமானம் ஏற்றி, அதே கலிபோர்னியாவின் சன்னிவேலில் இறக்கியிருந்தார்கள். பழைய கோபால் மொழி நிரல்களில் இரண்டு இலக்க வருஷத்தை நாலு இலக்கமாக்கும் வேலை. திங்கட்கிழமை காலையில் ஆபீசில் எல்லோரும் எல்லோரையும் 'சனி, ஞாயிறு எப்படிப் போனது?' என்று கேட்பார்கள். 'துணி துவைத்தேன்' என்று எத்தனை வாரம் சொல்வது? அந்த ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளத்தான் நாபாவுக்குப் போனோம்.

மூன்று தம்பதிகள், ஒரு வாடகை வேன். ஆறு பேரில் குடிப்பவர் ஒன்றரைப் பேர். அந்த அரை, மனைவிக்குத் தெரியாமல் குடிப்பவர்.

ஹோட்டல் பார்க்க இரண்டு சாதனங்கள் இருந்தன. ஒன்று, ஆபீஸ் சீனியர் இரவல் கொடுத்த மோட்டார் சங்கத்துப் பயணப் புத்தகம். ஒவ்வொரு ஹோட்டலுக்கும் இத்தனை வைரம் என்று தரம் போட்டிருக்கும். நாங்கள் வைரத்தைப் பார்க்கவில்லை, விலையைத்தான் பார்த்தோம். நாபாவுக்கு உள்ளே இருந்த விலைகளைப் பார்த்ததும் புத்தகத்தை மரியாதையாக மூடி வைத்தோம். இரண்டாவது, நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடை வாசலில் சும்மா கிடைக்கும் கூப்பன் புத்தகம். மளிகைக் கடைப் பொட்டலக் காகிதம் போன்ற தாளில், பக்கத்துக்கு ஆறு மோட்டல். மோட்டல் சிக்ஸ் என்ற பெயரைப் பார்த்து, அறைக்கு ஆறு பேர் வரை அனுமதி என்று எங்களில் ஒருவன் சாதித்தான். சண்டை நாலு நிமிஷம் நடந்தது அதற்குத்தான். 1962-ல் சாண்டா பார்பராவில் தொடங்கியபோது ஒரு ராத்திரிக்கு ஆறு டாலர் வாங்கினார்களாம், பெயர் அதனால் வந்தது. எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் வல்லேஹோ ஊரில், தொடர் நிறுவனம் எதிலும் சேராத ஒரு மோட்டல் 39 டாலர் 99 சென்டுக்கு அமைந்தது. வரைபடத்தில் நாபாவுக்கும் வல்லேஹோவுக்கும் கட்டைவிரல் நகம் அளவு தூரம். இரண்டு பேருக்குத்தான் அந்த விலை என்று கூப்பனின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. எனவே நானும் என் மனைவியும் வரவேற்பறைக்குள் போனோம். மற்ற நாலு பேரும் வேனுக்குள் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

கவுன்டருக்குப் பின்னால் இருந்தவர் குஜராத்திக்காரர். அந்த நாளிலேயே நெடுஞ்சாலையோர மோட்டல்கள் பலவும் அவர்கள் கைக்கு வந்துவிட்டிருந்தன. பாதி திறந்த கதவு வழியாகக் கடுகும் பெருங்காயமும் பொரியும் வாசனை வந்தது. அவர் சாவியைக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற வேனை ஒருமுறை பார்த்தார். இரண்டு பேருக்கு எதற்கு ஏழு பேர் வேன் என்று கேட்டால் சொல்லப் பதில் தயாராக வைத்திருந்தோம். அவர் கேட்கவில்லை. ராத்திரி புளிச்சாதத்தைத் தின்றுவிட்டு, பெண்கள் கட்டிலிலும் நாங்கள் மூவரும் தரை விரிப்பிலுமாகப் படுத்தோம். கட்டையை வெட்டிப் போட்டது போலத் தூங்கினோம். காலை ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். மோட்டல்காரரின் மனைவி தட்டோடு நின்றார். தட்டில் இஞ்சி தட்டிப் போட்ட டீ, ஆறு கப்.

கூடுதலாக ஒரு சென்ட் வாங்கவில்லை. அன்று போல எனக்கு வேறெப்போதும் வெட்கம் வந்ததில்லை.

இனி 2024. திருமணமாகி இருபத்தைந்து வருஷம். "ஏங்க, இந்தத் தடவையாவது நாபாவுக்குள்ளயே தங்குவோம். வல்லேஹோன்னு பேச்செடுத்தீங்க, நான் வரல" என்று இவள் சொல்லிவிட்டாள். மகள் தன் பங்குக்கு, "அப்பா, ரிவ்யூ எல்லாம் படிச்சிட்டு புக் பண்ணுங்க" என்றாள். படித்தேன். ஒரே ஹோட்டலை ஒருவர் சொர்க்கம் என்கிறார், அதே வாரம் தங்கிய இன்னொருவர் தலையணை செங்கல் என்கிறார். ஒருவர் மழை பெய்ததற்காக ஒரு நட்சத்திரத்தோடு நிறுத்திவிட்டார். நான் கம்ப்யூட்டர்காரன் அல்லவா, கட்டம் போட்டேன். முப்பத்தோரு ஹோட்டல், பதினாலு கட்டங்கள்: விலை, காலை உணவு, குளியல் தொட்டி, நீச்சல் குளம், ரயில் சத்தம், ஜன்னல் பார்க்கும் திசை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். பெண் பார்க்கப் போனபோது நான் பார்த்தது ஒரே ஒரு ஜாதகம்.

ஹோட்டலுக்கு முன்னால் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளத்தாக்கு தெற்கு வடக்காக ஐம்பது கிலோமீட்டர் நீளம், அகலம் சொற்பம். தெற்கே நாபா நகரம்: நடந்தே கடைகளுக்குப் போகலாம், கொஞ்சம் மலிவு. அடுத்து யௌன்ட்வில்: ஒரு காலத்தில் நீராவி வெள்ளாவிக் கூடமாக இருந்த கல் கட்டடத்தில், தாமஸ் கெல்லர் 1994 முதல் நடத்தும் உலகப் புகழ் பெற்ற சாப்பாட்டுக் கூடம் அங்கேதான். சட்டை வெளுத்த இடத்தில் இப்போது பர்ஸ் வெளுக்கிறது. ரூதர்ஃபோர்டு மலைச்சரிவில் ஆலிவ் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒபெர்ஷ் து சொலேயில் ஒரு ராத்திரிக்கு ஆயிரம் டாலருக்கு மேல். வடகோடியில் காலிஸ்டோகா: வெந்நீர் ஊற்றும் எரிமலைச் சாம்பல் கலந்த சேற்றுக் குளியலும். காசு கொடுத்துச் சேற்றில் இறங்க இவள் சம்மதிக்கவில்லை. அவளுடைய அப்பா நெல் விவசாயி.

இந்த விலைக்குக் காரணம் வெறும் மோகம் அல்ல. 1968-ல் நாபா மாவட்டம் பள்ளத்தாக்கு நிலத்தை விவசாயத்துக்கென்று ஒதுக்கிச் சட்டம் போட்டது. அமெரிக்காவிலேயே அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. மனை பிரிக்க முடியாது, நினைத்த இடத்தில் கட்டடம் எழுப்ப முடியாது. பிறகு 1976-ல் பாரிஸில், கண்ணை மறைக்காமல் புட்டியை மறைத்து நடந்த ருசிப் போட்டியில் நாபா ஒயின்கள் பிரெஞ்சு ஒயின்களைத் தோற்கடித்தன. மதிப்பெண் கணக்கில் எடுக்கப்பட்ட நடுவர்கள் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள் என்பது இதில் விசேஷம். பார்க்க வருகிறவர் கூட்டம் பெருகியது, படுக்கக் கட்டில் பெருகவில்லை. சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அது இல்லாவிட்டால் அங்கே திராட்சைக்குப் பதில் எங்களைப் போன்றவர்களுக்கு அடுக்குமாடி விளைந்திருக்கும்.

நாபாவில் ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகாமல் திண்டாடியவர் பட்டியலில் எங்களுக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதுவதற்கு முன்பு, 1880-ல், புது மனைவியோடு காலிஸ்டோகாவுக்குத் தேனிலவு வந்தார். வெந்நீர் ஊற்று விடுதியில் வாரம் பத்து டாலர். அது கட்டாது என்று மலைமேல் ஏறி, கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கத்துத் தொழிலாளர் கொட்டகையில் வாடகை இல்லாமல் குடியேறினார். அந்த அனுபவத்தை 1883-ல் புத்தகமாகவும் போட்டார். இப்போது அந்த இடம் அவர் பெயரில் அரசுப் பூங்கா. வேனுக்குள் தலையைத் தாழ்த்திய எங்கள் நாலு பேருக்கு வல்லேஹோவில் ஒரு பலகைகூட இல்லை.

என் கட்டங்களில் அதிக மதிப்பெண் பெற்றது 'தோட்டம் தெரியும் அறை'. இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2012-ல் அவர் வந்திருந்தபோது 29-ஆம் நெடுஞ்சாலையில் காரில் அழைத்துப் போனேன். எங்கள் ஊரில் கல்தூண் நட்டு, கம்பி கட்டி, தலைக்கு மேலே பந்தலாகப் படரும் பன்னீர் திராட்சை. இங்கே கொடிகள் மார்பளவு கம்பியில் வரிசை பிடித்து நிற்கின்றன.

"ஏம்ப்பா, பந்தல் போட இவங்களுக்கு வசதியில்லையா?"

"இங்க இப்படித்தாம்ப்பா வளப்பாங்க."

"வருசத்துக்கு எத்தன தடவ பழம் எடுப்பாங்க?"

"ஒரு தடவதான்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது, கொடி உறங்குவதே இல்லை. கவாத்து வெட்டுகிற கணக்கை வைத்து வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். ஒரே ஒரு மகசூலை நம்பி வாழ்கிற நாபா சம்சாரிகளை நினைத்து அவருக்கு உண்மையிலேயே வருத்தம். ஏக்கர் விலையை நான் சொல்லவில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. ஒரு ஹோட்டலைக் காட்டி, தோட்டத்தைப் பார்த்த அறைக்குக் கூடுதல் கட்டணம் என்று மட்டும் சொன்னேன்.

"நம்ம தோட்டத்துல ராத்திரிக் காவலுக்குப் படுக்கிறவனுக்கு நாம கூலி குடுக்கிறோம். இங்க படுக்கிறவன் தோட்டக்காரனுக்குக் குடுக்கிறானா?"

"ஆமாப்பா."

"நல்ல ஏற்பாடாத்தான் இருக்கு."

பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த ஏற்பாட்டில் நானே சேர்ந்தேன். செயின்ட் ஹெலினா ஊருக்குத் தெற்கே ஒரு விடுதி, ஒரு ராத்திரிக்கு 689 டாலர். வார இறுதி என்பதால் இரண்டு ராத்திரி கட்டாயம். வரி தனி. ஒரு சின்ன ஆறுதல்: 'ரிசார்ட் கட்டணம்' என்ற பெயரில் கடைசிப் பக்கத்தில் வயிற்றில் குத்தும் பழக்கத்தை 2024 ஜூலை 1 முதல் கலிபோர்னியா சட்டம் தடுத்துவிட்டது. கட்டாயக் கட்டணத்தை முதலிலேயே விலையில் சேர்த்துக் காட்ட வேண்டும். ஆகவே இப்போது குத்து முதல் பக்கத்திலேயே விழுகிறது.

செப்டம்பர் கடைசி வாரம். அறை குறை சொல்ல முடியாதது. ஆலிவ் எண்ணெய் சோப்பு, நான் நீளமாகப் படுக்கலாம் போன்ற குளியல் தொட்டி, ஜன்னலைத் திறந்தால் கறுத்துத் தொங்கும் கொத்துகள். இவள், தன் வாழ்க்கையில் இரண்டாவது முறையாக, அரைக் கோப்பை ஒயின் குடித்தாள். கோப்பையைச் சுழற்றி முகர்ந்து, "மண் வாசனை வருது" என்றாள். பத்து மணிக்கு விளக்கை அணைத்தோம்.

இரண்டரை மணிக்கு அறைக்குள் பகல் வந்தது.

"ஏங்க, லாரியா?"

"டிராக்டர்."

ஜன்னலுக்கு நேரே கம்பத்தில் ஏற்றிய விளக்குகள். நெற்றி விளக்கு கட்டிய ஆட்கள் வரிசை வரிசையாக ஓடுகிறார்கள். கொக்கி போல வளைந்த சிறு கத்தி, இழுத்த இழுப்பில் கொத்து தொட்டியில் விழுகிறது. ஸ்பானிஷ் மொழியில் கேலியும் அதட்டலும். ராத்திரிக் குளிர்ச்சியில் வெட்டினால் பழம் இறுக்கமாக இருக்கும், ஆலைக்குப் போவதற்குள் நசுங்கிப் புளிக்கத் தொடங்காது, ஆட்களுக்கும் வெயில் இல்லை. வரவேற்பறைக்குப் போன் போட்டேன். அந்தப் பையன் தூக்கக் கலக்கம் துளியும் இல்லாமல், "அறுவடைக் காலம் சார், மேஜையின் மேல் இழுப்பறையைப் பாருங்கள்" என்றான். பார்த்தேன். விடுதியின் முத்திரை போட்ட பருத்திச் சுருக்குப் பையில், இரண்டு ஜோடி காதடைப்பான்.

முப்பத்தோரு ஹோட்டல், பதினாலு கட்டம். 'அறுவடை' என்று ஒரு கட்டம் இல்லை. செப்டம்பரில் பழுக்கும் திராட்சையைச் செப்டம்பரில் வெட்டுவார்கள் என்பது, திராட்சை வெட்டிய காசில் படித்து ஆளான எனக்குத் தோன்றவில்லை.

இவள் காதை அடைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். நான் ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு கணக்கில் அதுவும் காவல்தான். இந்த ஆட்கள் எங்கே படுப்பார்கள் என்று மறுநாள் விசாரித்தேன். பலர் வாடகை தாங்காமல் தொலைவிலிருந்து கார் ஓட்டி வருகிறார்கள். மாவட்டத்தில் பண்ணைத் தொழிலாளருக்கென்று மூன்று விடுதிகள், ஒவ்வொன்றிலும் 60 படுக்கை. அதற்காகத் தோட்டக்காரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அறைக்கு இரண்டு பேர், சாப்பாடு உண்டு. எங்கள் விடுதியில் காலை உணவு தனிக் கணக்கு.

அதே 2024 செப்டம்பரில் இன்னொரு செய்தி வந்தது. மோட்டல் சிக்ஸை, நம் ஓயோவின் தாய் நிறுவனம் 52.5 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தது. அறைக்கு ஆறு பேர் என்று அன்று சாதித்த நண்பனுக்கு அனுப்பினேன். "மாப்ள, இப்ப கேட்டுப் பாப்போமா?" என்று பதில் வந்தது.

நாபாவுக்குப் போக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிப்ரவரியில், அதுவும் வாரநாளில் போங்கள். கவாத்து வெட்டிய கொடிகள் குச்சியாக நிற்கும், ஊடே கடுகு மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், அறை வாடகை இறங்கியிருக்கும். ஏப்ரல் வேண்டாம். பனியில் துளிர் கருகாமல் இருக்க விடியற்காலையில் ராட்சசக் காற்றாடிகளை ஓட விடுவார்கள், ஹெலிகாப்டர் தலைமேல் நிற்பது போலிருக்கும். செப்டம்பர் பற்றிச் சொல்லிவிட்டேன். புளிச்சாதம் இரண்டு நாள் கெடாது. வல்லேஹோவிலிருந்து நாபாவுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.