கம்பியில்லாச் சந்தேகங்கள்

கேள்வி: ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் ஒன்றரை லட்சம் கொட்டினேன். போனிலிருந்து புளூடூத்தில் பாட்டுப் போட்டால் உயிரே இல்லையே? (கோவை வாசகர்)

பதில்: சிடியில் வினாடிக்கு 1,411 கிலோபிட். ஸ்பாட்டிஃபையில் ‘வெரி ஹை’ வைத்தால் 320. அதுவே சுருக்கப்பட்ட பாட்டு. அதை உங்கள் போன் விரித்து, புளூடூத்துக்காக இன்னொரு முறை சுருக்கி அனுப்புகிறது. எல்லாக் கருவிக்கும் பொதுவான எஸ்பிசி முறையில் வழக்கமான உச்சம் 328தான். அந்த எண் மோசமில்லை. இரண்டு தரம் பிழிவதுதான் மோசம். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதை. குரல் தப்பிவிடும், ஜால்ராவின் கணீரும் வயலின் ஓய்ந்தபின் மிஞ்சும் கார்வையும்தான் மழுங்கும். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ போட்டுப் பாருங்கள், புரியும்.

வைஃபை ஸ்ட்ரீமர் ஒன்று வாங்கி ஆம்ப்பில் சொருகுங்கள். ஸ்பாட்டிஃபை கனெக்ட், குரோம்காஸ்ட் இரண்டிலும் போன் வெறும் ரிமோட். பாட்டை ஸ்ட்ரீமரே நெட்டிலிருந்து நேராக இழுத்துக்கொள்ளும். நடுவே மச்சான் வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் அனுப்பினாலும் ஸ்பீக்கர் ‘டிங்’ என்காது. எனக்கு இந்த ஒன்றே போதும்.

கேள்வி: என்னிடம் ஐபோன். எல்டாக் உள்ள புளூடூத் ரிசீவர் வாங்கலாமா? (திருச்சி வாசகி)

பதில்: வேண்டாம். எல்டாக்கும் எஸ்பிசி போல ஒரு சுருக்கும் முறைதான்; ஐபோன் அந்தப் பாஷை பேசாது, ஏஏசி என்ற இன்னொரு முறையோடு நின்றுவிடும். உங்களுக்கு வைஃபையில் பாட்டு வாங்கும் ஏர்பிளே உள்ள பெட்டிதான் சரி. எல்டாக் ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு. அங்கும் 990 கிலோபிட் என்பது பக்கத்தில் இருக்கும்வரைதான். ‘ஆட்டோ’வில் விட்டால், போனோடு சமையலறைக்குப் போனதும் 330க்கு இறங்கிவிடலாம்.

கேள்வி: மைக்ரோவேவில் பால் சுட வைத்தால் பாட்டு விக்குகிறது. பிரமையா? (சேலம் வாசகர்)

பதில்: இல்லை. மைக்ரோவேவ், புளூடூத், பழைய வைஃபை எல்லாம் குடியிருப்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தெருவில். ஸ்ட்ரீமரை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அதற்குச் சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு. எனவே ரௌட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். ரௌட்டரும் ஸ்டீரியோவும் ஒரே ஹாலில் என்றால் லேன் கேபிளே மேல். நகராத பெட்டிக்கு எதற்குக் கம்பியில்லா வாழ்க்கை?

கேள்வி: தங்க முலாம் பூசிய டிஜிட்டல் கேபிள் வாங்கினால் தரம் கூடுமா? (மதுரை வாசகர்)

பதில்: உள்ளே ஓடுவது பூஜ்யமும் ஒன்றும். தங்கம் தடவினால் ஒன்று ஒன்றரை ஆகாது.

கேள்வி: ஆம்ப்பின் பின்னால் ‘ஃபோனோ’ என்ற துளை காலியாக இருந்தது. ஸ்ட்ரீமரை அதில் மாட்டினேன். காது கிழிகிறது! (நாகர்கோவில் வாசகர்)

பதில்: உடனே கழற்றுங்கள். அது ரெக்கார்ட் பிளேயருக்கு. ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். அதைப் பல மடங்கு பெருக்கி, பாஸையும் தூக்கிவிட வைத்த துளை. ஸ்ட்ரீமர் தருவதோ 2 வோல்ட் வரை. ‘ஆக்ஸ்’ அல்லது ‘சிடி’ துளைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பழைய பாட்டை 24 பிட்டில் கேட்டால் புதிதாகக் கேட்குமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: மூல டேப்பிலிருந்து நன்றாக எடுத்திருந்தால் கேட்கும், 16 பிட்டிலும் கேட்கும். யாரோ கேசட்டிலிருந்து ஏற்றியதென்றால், கேசட்டின் இரைச்சலை மிகத் துல்லியமாகக் கேட்பீர்கள்.

கேள்வி: காசே செலவழிக்காமல் ஏதாவது வழி? (தஞ்சை வாசகி)

பதில்: இப்படிக் கேட்பவர்தான் எனக்குப் பிடித்த வாசகர். ஆப்பில் ‘டேட்டா சேவர்’ இருந்தால் அணையுங்கள். தரம் ‘ஆட்டோமேட்டிக்’கில் இருக்கும், உச்சத்துக்கு ஏற்றுங்கள். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் லாஸ்லெஸ், அதாவது எதையும் இழக்காத பாட்டு, தருகிறது, கூடுதல் கட்டணமில்லை. ஆனால் செட்டிங்ஸில் நாம்தான் போட்டுவிட வேண்டும், புளூடூத்தில் அது முழுசாக வரவும் வராது. ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள். புளூடூத்தில்தான் கேட்பேன் என்றால் போனில் வால்யூமை நிறைத்து வைத்து, ஆம்ப்பில் கூட்டிக் குறையுங்கள்.

அப்புறம், ஷோகேஸில் கொலு பொம்மைகளுக்கு நடுவே நிற்கும் ஸ்பீக்கர்களை வெளியே எடுங்கள். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு தூரத்தில் நீங்கள் உட்காரும்படி வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் குறை இருந்தால் எழுதுங்கள். புதுப்பெட்டி பற்றி அப்போது பேசலாம்.